மேக் முடிஞ்சுது, ஆனா பைத்தான் பாதிதான் வந்தது

(நிகழ்ச்சியின் திருத்திய எழுத்து வடிவம். கட்டளைகளையும் தொகுப்புப் பெயர்களையும் பேசியபடியே உச்சரிப்பில் கொடுத்திருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு தலைப்பு பேசுறதா சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வெச்சுட்டேன். காரணம், போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வந்த ஒரு போன்.

பேசினது ஒரு கல்லூரி மாணவி, மூன்றாம் ஆண்டு. நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரு சின்ன நிரல் எழுதி வெச்சிருக்கோம். தமிழ் விக்கிமூலத்தோட மொத்தத் தரவுக் கோப்பை இறக்கி, அதுல இருக்கிற நூல்களைத் தனித்தனியா பிரிச்சுக் கொடுக்கும். அதுல பங்களிக்கணும்னு ஆசைப்பட்டு, எங்க நிறுவும் வழிமுறையைப் படிச்சு, ஒவ்வொரு படியா செஞ்சுட்டு வந்திருக்காங்க. போன்ல முதல் வாக்கியமே இதுதான்: "அண்ணா, நீங்க எழுதியிருந்த மாதிரியேதான் பண்ணேன். மேக் பிழையே இல்லாம முடிஞ்சுது. ஆனா நிரல் ஓடல. இப்போ டெர்மினலே திறக்க மாட்டேங்குது. இது எங்க அண்ணனோட லேப்டாப். திங்கக்கிழமை காலையில அவருக்கு வேணும். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவங்க எந்தத் தப்பும் பண்ணல. அந்த வழிமுறையை எழுதினது நான். தப்பு அதுல இருந்தது. அன்னிக்கு ராத்திரி என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதுக்கப்புறம் அந்தப் பக்கத்தை எப்படித் திருத்தி எழுதினோம்னு இன்னிக்குச் சொல்றேன்.

முதல்ல பின்னணி. எங்க நிரலுக்குப் பைத்தான் 3.11 அல்லது அதுக்கு மேல வேணும். டாம்ல் கோப்பைப் படிக்கிற டாம்ல்லிப் என்ற கூறு 3.11லதான் பைத்தானோட கூடவே வர ஆரம்பிச்சது, அதை நாங்க பயன்படுத்துறோம். அந்த லேப்டாப்ல இருந்தது உபுண்டு 22.04. அதோட வர்றது பைத்தான் 3.10. அதனால மூலநிரலை இறக்கி நாமே தொகுத்துக்கணும். வேற வழிகளும் இருக்கு, ஆனா எங்க பக்கத்துல நான் எழுதி வெச்சிருந்தது இந்த வழி. கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், இந்த மூணுக்கும் முன்னாடி தேவையான லைப்ரரிகளை நிறுவுற ஒரு நீளமான ஆப்ட் வரி.

அந்த வரியை நான் எழுதினது 2018ல. என் கணினியில அப்போ உபுண்டு 18.04. அதுல லிப்ரீட்லைன்-ஜிபிஎல்வி2-டெவ் என்று ஒரு தொகுப்பு இருந்தது. பல பழைய வழிகாட்டிகள்ல அந்தப் பெயரைப் பார்க்கலாம், நானும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டதுதான். 22.04ல அது கிடையாது. இங்கேதான் ஆப்ட்டோட ஒரு குணத்தைக் கவனிக்கணும். பத்துத் தொகுப்பு கேட்டு, அதுல ஒரு பெயர் தெரியாத பெயரா இருந்தா, மீதி ஒன்பதை நிறுவிட்டு இதை மட்டும் விட்டுடாது. ஒண்ணையுமே நிறுவாம, ஒரு வரிப் பிழையைச் சொல்லிட்டு நின்னுடும்.

அவங்க அந்தப் பிழையைப் பார்த்தாங்க. "ஏதோ ஒரு தொகுப்பு கிடைக்கலை, மத்ததெல்லாம் வந்திருக்கும்"னு நினைச்சு அடுத்த படிக்குப் போயிட்டாங்க. நானா இருந்தாலும் அந்த வயசுல அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

அடுத்து கன்ஃபிகர் ஓடுச்சு. மேக் ஓடுச்சு. சிவப்பு எழுத்துல ஒண்ணும் வரல. ஜிசிசி, மேக் ரெண்டும் சி மொழிப் பயிற்சிக்காக ஏற்கெனவே இருந்தது. ஸீலிப், ஓப்பன்எஸ்எஸ்எல் இதோட டெவ் தொகுப்புகளும் வேற ஏதோ வேலைக்காக முன்னாடியே உள்ளே இருந்திருக்கு. அதனால பைத்தான் 3.12 நல்லபடியா தொகுக்கப்பட்ட மாதிரியே தெரிஞ்சது. பிப் கூட வேலை செஞ்சது.

எங்க நிரலை ஓட்டினதும்தான் நின்னது. விக்கிமீடியா தரவுக் கோப்புகள் பீஸிப்2 முறையில சுருக்கப்பட்டவை. அதை விரிக்க நிரலோட ஆரம்பத்துலயே பிஇசட்2 கூறை அழைக்கிறோம். "அடிக்கோடு பிஇசட்2 என்று ஒரு கூறு இல்லை"னு பைத்தான் சொல்லிடுச்சு.

இங்க கொஞ்சம் நிறுத்தி, ஏன் இப்படி ஆகுதுன்னு பார்ப்போம். புதுசா லினக்ஸுக்கு வர்றவங்க கிட்ட இதை யாரும் உட்கார்ந்து சொல்றதில்லை.

ஒரு ஹோட்டலை நினைச்சுக்கோங்க. சமையல்கட்டு இருக்கு, மெனு அட்டை இருக்கு. சாப்பாடு வர்றது சமையல்கட்டுலேர்ந்து. ஆனா என்னென்ன கிடைக்கும், எதை எப்படிக் கேட்கணும்னு தெரிய மெனு அட்டை வேணும். ஒரு லைப்ரரியிலும் அப்படி ரெண்டு பகுதி இருக்கு. நிரல் ஓடும்போது தேவைப்படுறது பகிர்வு லைப்ரரி, அதாவது டாட் எஸ்ஓ என்று முடியிற கோப்பு. அது சமையல்கட்டு. நிரலைத் தொகுக்கும்போது கூடுதலா தேவைப்படுறது ஹெடர் கோப்புகள், டாட் ஹெச் என்று முடியிறவை. அது மெனு அட்டை. டெபியனும் உபுண்டுவும் இந்த ரெண்டையும் தனித்தனித் தொகுப்பா பிரிச்சு வெச்சிருக்கு. சாதாரணப் பயனருக்குத் தொகுக்கிற வேலை இல்லை, அவங்க வட்டுல ஹெடர் எதுக்கு இடத்தை அடைக்கணும் என்பது காரணம். அதனால உங்க கணினியில பீஸிப்2 லைப்ரரி நிச்சயமா இருக்கும், ஆப்ட்டுக்கே அது வேணும். ஆனா லிப்பிஇசட்2-டெவ் இருக்காது. "அதான் ஏற்கெனவே இருக்கே"ன்னு நாம குழம்புறது இதனாலதான்.

ஃபெடோராவிலும் இதே பிரிவு உண்டு, பெயர் மட்டும் டெவல் என்று முடியும். ஆர்ச் லினக்ஸ்ல பிரிக்கிறதே இல்லை, ஒரே தொகுப்புல ரெண்டும் வந்துடும். அதனால ஆர்ச் பயன்படுத்துற நண்பர் எழுதின வழிமுறையில இந்தப் பேச்சே இருக்காது. அவர் மேல தப்பில்லை, அவருக்கு அந்தப் பிரச்சினை வந்ததே இல்லை.

சார்பு இல்லைன்னா வர்ற பிழைகள்ல சத்தம் போடுற வகை நமக்கு நல்லது. ஓப்பன்எஸ்எஸ்எல்லோட எஸ்எஸ்எல் டாட் ஹெச் கோப்பு இல்லைன்னு கம்பைலர் கத்திட்டு நின்னுடும். அல்லது எல்லாத்தையும் தொகுத்துட்டு, கடைசியில இணைக்கும்போது லிங்கர் "ஹைபன் எல்இசட் கிடைக்கலை"ன்னு சொல்லும். அந்த ஹைபன் எல் என்பது "லிப்" என்பதோட சுருக்கம், எல்இசட்னா லிப்இசட், அதாவது ஸீலிப். இது தெரிஞ்சா பாதிப் பிழைச்செய்தி புரிஞ்சுடும்.

மோசமானது, சத்தம் போடாத வகை. கன்ஃபிகர் ஓடும்போது "செக்கிங் ஃபார்" என்று நூற்றுக்கணக்கான வரி ஓடுமே, அதுல ஒவ்வொரு லைப்ரரியும் இருக்கா இல்லையான்னு பார்க்குது. இல்லைன்னா சில மென்பொருள்கள் நிக்காது. "சரி, அந்த வசதி இல்லாமலே கட்டிடலாம்"னு முடிவு பண்ணிட்டுப் போயிடும். பைத்தான் அந்த வகை. பீஸிப்2, எல்இசட்எம்ஏ, எஸ்கியூலைட், ரீட்லைன், டிகின்டர், சிடைப்ஸ், ஏன், எஸ்எஸ்எல்லே கூட அதுக்கு விருப்பக் கூறுதான். எதுவுமே இல்லாட்டியும் பைத்தான் தொகுக்கப்பட்டுடும்.

நியாயமாச் சொல்லணும்னா, பைத்தான் சொல்லாம விடல. மேக் முடியிற இடத்துல, இந்த விருப்பக் கூறுகளைக் கட்டத் தேவையானது கிடைக்கலைன்னு ஒரு வரியும், அதுக்குக் கீழே பெயர்ப் பட்டியலும் போடும். ஆனா நாம என்ன பண்றோம்? மேக்கையும் மேக் இன்ஸ்டாலையும் ஒரே வரியில சேர்த்து அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிடுறோம். திரும்பி வரும்போது அந்தப் பட்டியலுக்கு மேல சில ஆயிரம் வரி ஓடிப் போயிருக்கும். எங்க பக்கத்துலயும் அப்படித்தான் ஒரே வரியா எழுதியிருந்தேன். இது என்னோட ரெண்டாவது தப்பு.

மாணவி கதைக்கு வருவோம். பிழைச்செய்தியை இணையத்துல தேடியிருக்காங்க. சிலர் பிப் வழியா நிறுவச் சொல்லியிருக்காங்க. அது நடக்காது. பிஇசட்2 பைத்தானோட உள்கூறு, பைத்தானைத் தொகுக்கும்போதே சேர்ந்திருக்கணும், பிறகு பிப் கொண்டு வந்து ஒட்ட முடியாது. அப்புறம் யாரோ ஒருத்தர், யூஎஸ்ஆர் பின் அடைவுல இருக்கிற பைத்தான்3 இணைப்பைப் புதுப் பைத்தானுக்கு மாத்தச் சொல்லியிருக்கார். அதையும் பண்ணிட்டாங்க. அதுலதான் டெர்மினல் போச்சு.

உபுண்டுவில க்னோம் டெர்மினலைத் திறக்கிற அந்தச் சின்ன நிரலே ஒரு பைத்தான் நிரல். அது யூஎஸ்ஆர் பின்ல இருக்கிற பைத்தான்3ஐத்தான் கூப்பிடும், அதோட சேர்ந்த ஜிஐ என்ற கூறைத் தேடும். நாம கட்டின பைத்தானுக்கு அந்தக் கூறு இருக்கிற அடைவே தெரியாது. ஐகானைச் சொடுக்கினா ஒண்ணும் நடக்காது, ஏன்னு ஒரு வார்த்தையும் வராது. சொல்லப் போனா இதைவிடப் பயமுறுத்துற விஷயம் இல்லை, ஏன்னா சரி பண்ணுறதுக்குக் கட்டளை அடிக்கணும், கட்டளை அடிக்க டெர்மினல் வேணும்.

போன்லயே சொன்னேன்: "பயப்படாதீங்க, எதுவும் அழியல. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க." கறுப்புத் திரை வந்தது, பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டது. உள்ளே போய், அந்த இணைப்பைப் பழையபடி பைத்தான் 3.10க்கே திருப்பினோம், ஒரே ஒரு எல்என் கட்டளை. திரும்ப வரைகலைத் திரைக்கு வந்து ஐகானைச் சொடுக்கினாங்க. டெர்மினல் திறந்தது. அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது. மணி பன்னிரண்டரை.

"அண்ணா, நான் இதுக்கெல்லாம் லாயக்கில்லைன்னு நினைச்சேன். ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கேன்"னாங்க. எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு. யாரும் பராமரிக்காத ஒரு வரிக்காக ஒருத்தர் ரெண்டு நாள் தன்னையே சந்தேகப்பட்டிருக்காங்க.

மறுநாள் காலையில மீதியை முடிச்சோம். லிப்பிஇசட்2-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ், லிப்எஸ்கியூலைட்3-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்ரீட்லைன்-டெவ். இந்த அஞ்சையும் நிறுவிட்டு, மேக் கிளீன் அடிச்சு, கன்ஃபிகரை முதல்லேர்ந்து ஓட்டணும். டெவ் தொகுப்பை மட்டும் போட்டுட்டு மறுபடி மேக் அடிச்சாப் போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. போதாது. என்ன இருக்கு, என்ன இல்லைன்னு முடிவெடுத்தது கன்ஃபிகர், அதுதான் மறுபடி பார்க்கணும். கடைசியில மேக் இன்ஸ்டாலுக்குப் பதிலா மேக் ஆல்ட்இன்ஸ்டால். அது பைத்தான்3.12 என்ற முழுப் பெயர்ல மட்டும் நிறுவும், பைத்தான்3 என்ற பொதுப் பெயரைத் தொடாது.

இனி, பக்கத்தைத் திருத்தின கதை.

நான் ஏன் தப்பா எழுதினேன்? என் கணினியிலிருந்து எழுதினேன், அதான். வருஷக்கணக்கா அதுல எதை எதையோ தொகுத்திருக்கேன். தேவையான டெவ் தொகுப்பெல்லாம் ஏதோ ஒரு காலத்துல உள்ளே வந்துடுச்சு. என் கணினியில எந்த வழிமுறையும் வேலை செய்யும், ஒண்ணும் எழுதாத வழிமுறை கூட. அதனால எழுதினவர் கணினியில சோதிக்கிறது சோதனையே இல்லை.

இந்த முறை வெறும் கன்டெய்னர்ல ஆரம்பிச்சேன். பாட்மேன் வழியா உபுண்டு 22.04ஐ ஒரு வரியில ஓட்டினா, புதுசா துடைச்சு வெச்ச மாதிரி ஒரு இடம் கிடைக்கும். டாக்கர்லயும் இதையே செய்யலாம். உள்ளே எதுவும் இருக்காது. மூலநிரலை இறக்கலாம்னு பார்த்தா டபிள்யூகெட் இல்லை. கன்ஃபிகர் ஓட்டினா சி கம்பைலரே இல்லைன்னு நின்னுச்சு. பில்ட்-எசென்ஷியல் போட்டேன், தொகுத்தது. மேக் இன்ஸ்டால்ல ஸீலிப் இல்லாம பிப்பை விரிக்க முடியலைன்னு உடைஞ்சது. ஸீலிப்1ஜி-டெவ் போட்டேன். அப்புறம் பிப் வந்தது, ஆனா எஸ்எஸ்எல் இல்லாததால எதையும் இறக்க மாட்டேன்னது. லிப்எஸ்எஸ்எல்-டெவ். இப்படி ஒவ்வொண்ணா. பொறுமை வேணும்தான், ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம் ஆகும். ஆனா ஒவ்வொரு தொகுப்பும் எதுக்காக வருதுன்னு கண்ணால பார்த்துட்டேன். அதை அப்படியே பக்கத்துல எழுதினேன்: தொகுப்போட பெயர், அது இல்லைன்னா என்ன உடையும், அப்போ திரையில வர்ற பிழைச்செய்தி என்ன.

அந்தப் பிழைச்செய்தியை எழுத்து மாறாம, ஆங்கிலத்துலயே, அப்படியே ஒட்டணும். தமிழ்ல விளக்கம் கீழே இருக்கட்டும். ஏன்னா மாட்டிக்கிட்டவங்க தேடப் போறது அந்த வரியைத்தான். "பீஸிப்2 சிக்கல்"னு நாம அழகா தலைப்பு வெச்சா அவங்களுக்கு அகப்படாது.

கன்டெய்னர்ல ஒரு சின்னப் பொறி இருக்கு. அங்க நீங்க ரூட் பயனர், சுடோ கட்டளையே இருக்காது. அங்க ஓடின வரியை அப்படியே ஒட்டினா, படிக்கிறவங்க கணினியில அனுமதி இல்லைன்னு நிக்கும். சுடோ எங்கெங்க வேணும்னு பார்த்துச் சேர்க்கணும்.

ஒரு ஹெடர் எந்தத் தொகுப்புல இருக்குன்னு ஊகிக்க வேண்டாம். உபுண்டுவில ஆப்ட்-ஃபைல் என்று ஒரு கருவி இருக்கு. அதை நிறுவி, ஒரு தடவை அதோட பட்டியலைப் புதுப்பிச்சுட்டு, பிஇசட்லிப் டாட் ஹெச்னு தேடினா லிப்பிஇசட்2-டெவ்னு சொல்லிடும். ஃபெடோராவில டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ் இதே வேலையைச் செய்யும். பெயர்கள் ரெண்டிலும் வேற வேற: இங்க லிப்எஸ்எஸ்எல்-டெவ்னா அங்க ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல், இங்க லிப்எல்இசட்எம்ஏ-டெவ்னா அங்க எக்ஸ்இசட்-டெவல். இது ஊகிச்சு வர்ற பெயரில்லை.

ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3.10 அடிச்சா எல்லாம் ஒரே கட்டளையில வந்துடுமேன்னு சில நண்பர்கள் கேட்டாங்க. வரும், மூலத் தொகுப்புகளுக்கான வரியை ஆப்ட் அமைப்புல இயக்கி வெச்சிருந்தா. அவசரத்துக்கு நல்ல வழி. ஆனா பைத்தானோட ஆவணங்களைத் தயாரிக்கத் தேவையானது வரைக்கும் நமக்கு வேண்டாததும் சேர்ந்து வரும், எது எதுக்குன்னு தெரியவும் தெரியாது. எங்க பக்கத்துல அதைக் கடைசியில ஒரு வரியா மட்டும் வெச்சிருக்கேன்.

தேவை, விருப்பம் ரெண்டையும் பிரிச்சு எழுதினோம். டிகின்டருக்கான டிகே-டெவ் பழைய வரியில இருந்தது. எங்க நிரல்ல சன்னலே கிடையாது, அது எதுக்கு? அதோட ஒரு கூட்டம் எக்ஸ்11 தொகுப்புகளும் வரும். மொபைல் தரவுல இறக்குற மாணவர்களுக்கு அது சும்மா இல்லை. எடுத்துட்டேன். ரீட்லைன் விருப்பம்தான், இல்லாட்டி பைத்தான் உரையாடல்ல மேல் அம்புக்குறி வேலை செய்யாது, அவ்வளவுதான்னு எழுதியிருக்கோம்.

அப்புறம், பட்டியலுக்கு மேலேயே எந்த வெளியீட்டுல, எந்தத் தேதியில கடைசியா சோதிச்சோம்னு ஒரு வரி. 2018ன்னு ஒரு தேதி இருந்திருந்தா அந்த மாணவி பக்கத்தைச் சந்தேகப்பட்டிருப்பாங்க, தன்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க.

மேக்கையும் நிறுவுறதையும் ரெண்டு படியா பிரிச்சு, நடுவுல "இங்கே நில்லுங்கள், கடைசி இருபது வரியைப் படியுங்கள், விடுபட்ட கூறுகள் பட்டியல் இருக்கிறதா பாருங்கள்"னு எழுதினோம். மேக் சொல்றதையெல்லாம் டீ கட்டளை வழியா ஒரு கோப்புலயும் சேமிக்கச் சொல்லியிருக்கோம். டெர்மினல்ல ஓடிப் போனாலும் கோப்புல இருக்கும்.

எங்க நிரலும் இப்ப கொஞ்சம் பொறுப்பா நடந்துக்குது. ஆரம்பத்துலயே பிஇசட்2, எஸ்எஸ்எல், எஸ்கியூலைட்3 மூணையும் அழைச்சுப் பார்க்கும். எது இல்லையோ, அதுக்கான டெவ் தொகுப்பை நிறுவிட்டுப் பைத்தானை மறுபடி தொகுக்கணும்னு தமிழ்ல சொல்லி நிக்கும். பத்துப் பன்னிரண்டு வரிதான்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வரியை எழுதினது நான் இல்லை, அந்த மாணவி. எங்க களஞ்சியத்துல அவங்களோட முதல் பங்களிப்பு அது. ரெண்டாவது பங்களிப்பு அடுத்த வாரமே வந்தது: ஒரு தோழியோட ஃபெடோரா கணினியில முழு வழிமுறையையும் ஓட்டிப் பார்த்து, பட்டியல்ல ஃபெடோரா பெயர்களுக்குத் தனிப் பத்தி போட்டிருந்தாங்க. நான் திருத்தி எழுதின பக்கத்துல ஓர் இடத்துல சுடோ விட்டுப் போயிருந்ததையும் கண்டுபிடிச்சு, குறிப்புல "அண்ணா, கன்டெய்னர் பொறி :)"னு எழுதியிருந்தாங்க.

ஓப்பன்சூசேவுக்கான பத்தி இன்னும் காலியா இருக்கு. அதைப் பயன்படுத்துறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ஒரு வெறும் கன்டெய்னர்ல ஓட்டிப் பார்த்து, வந்த பெயர்களையும் பிழைகளையும் அனுப்பி வைங்க. அடுத்த பகுதியில, தள்ளி வெச்ச அந்தத் தலைப்பைப் பேசுவோம்.